வெளிமாநிலத் தமிழரும் விவாகச் சட்டமும்

திருமணச் சடங்கு எதற்காக ஏற்பட்டது? இக் கேள்விக்குத் தொல்காப்பியர் கூறும் விடை வியப்புக்குரியது. மக்களிடையே பொய் சொல்வதும் ஒழுக்கம் தவறுவதும் தோன்றிய பிறகே பெரியோர் சடங்குகளை வகுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. அதாவது, இன்னார் இன்னாரை மணந்தார் என்பதைப் பலர் அறியச் செய்து, பின்னர் ஒருவர் மறுத்துரைக்க இயலாதபடி காப்பதே சடங்கின் முதல் நோக்கமாக இருந்தது. இக் காலத்தில் அந்தக் காவற் பணியின் ஒரு பகுதியைச் சட்டம் மேற்கொண்டிருக்கிறது.

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இவ் வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. பந்தற்கால் நட்டது முதல் மறுவீடு சென்றது வரை ஊரார் அனைவரும் அறிவர். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழரின் நிலை வேறு. ஒருவர் இளமையில் தஞ்சை மாவட்டத்தில் மணம் புரிந்து, தில்லிக்கு வந்து, முப்பது ஆண்டுகள் பணியாற்றி, திடீரெனக் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப ஓய்வூதியம் கோரும் மனைவியிடம் அலுவலகத்தார் திருமணத்துக்கு ஆதாரம் கேட்கின்றனர். மணத்தை நடத்தி வைத்த புரோகிதர் இன்று இல்லை. மண்டபத்து ரசீதும் இல்லை. சாட்சி கூறக்கூடிய பெரியோர் பலர் மறைந்துவிட்டனர். நெடுங்காலம் கணவன் மனைவியாய் வாழ்ந்தவர்களை மணமானவர்களாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்பது உண்மையே. ஆயினும், அந்த அனுமானத்தைப் பெற அந்த அம்மையார் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். உரிய காலத்தில் பெற்றிருக்கக்கூடிய ஒரு தாள் அந்தத் துன்பத்தை அவருக்கு மிச்சப்படுத்தியிருக்கும்.

எனவே, வெளிமாநிலங்களில் வாழ்வோர் திருமணச் சட்டத்தை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். இங்கு மூன்று வகை விதிகள் இருப்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, குடும்ப வழக்காறு. அது மனிதரோடு கூடவே பயணம் செய்வது. இரண்டு, மாநிலச் சட்டம். அது மாநிலத்தின் எல்லையிலேயே நின்றுவிடுவது. மூன்று, மத்திய சட்டம்; அது எங்கு சென்றாலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது. எது நம்முடன் வரும், எது வராது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எந்தச் சட்டத்தின்கீழ் மணந்தாலும் கவனிக்க வேண்டிய சில நிபந்தனைகள் உள. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். பெண்ணின் வயதையும் 21-ஆக உயர்த்த 2021-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. மணமக்கள் இருவரும் தம் அறிவோடும் விருப்பத்தோடும் இசைந்திருத்தல் வேண்டும். வயது நிறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அது அன்பினால் நாடுவது, நிபந்தனையால் அன்று. இந்து விவாகச் சட்டமும் விசேஷ விவாகச் சட்டமும், இருவருள் எவருக்கும் உயிரோடுள்ள துணைவர் இருத்தல் கூடாது என்கின்றன. முன் மணம் முறிந்திருப்பின் நீதிமன்றத் தீர்ப்பாணை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குரிய காலமும் கடந்திருக்க வேண்டும். பெரியோர் கூடித் தீர்த்துவைத்தார்கள் என்பது மட்டும் போதாது. முதல் மணம் நிலைத்திருக்க இச் சட்டங்களின்கீழ் மறுமணம் புரிதல் குற்றமாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 82-ஆம் பிரிவு இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

இனி, இந்துக்களின் திருமணத்தைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரையும் தன்னுள் அடக்கியது. எந்தச் சடங்கைச் செய்தால் மணம் நிறைவுறும் என்பதற்கு அச் சட்டம் ஒரே வாய்பாட்டை வகுக்கவில்லை. மணமக்களுள் எவரேனும் ஒருவர் தரப்பின் வழக்கமான சடங்குகள் நடந்தால் போதும் என்கிறது அதன் 7-ஆம் பிரிவு. சப்தபதி என்னும் ஏழடி நடத்தல் அச் சடங்குகளுள் அடங்கியிருந்தால், ஏழாவது அடி வைத்ததும் மணம் நிறைவுறும். ஏழடி நடக்கும் வழக்கம் இல்லாத சமூகத்தில், அச் சமூகத்தின் சடங்கே மணத்தை நிறைவு செய்யும். ஆதலால், தமிழ் மணமகனும் வங்காள மணமகளும் கொல்கத்தாவில் மணந்துகொண்டால், தாலிகட்டும் முறையிலோ வங்காளிகளின் முறையிலோ நடத்தலாம், இரண்டும் செல்லும்.

குடும்ப வழக்காறு மனிதரோடு பயணம் செய்யும் என்றோம். ஓர் இந்துக் குடும்பம் வேறு மாகாணத்தில் குடியேறினாலும், தன் பழைய ஊரின் வழக்காற்றையே கொண்டிருப்பதாக நீதிமன்றங்கள் அனுமானிக்கும். அதனைக் கைவிட்டது என்று கூறுவோரே அதை மெய்ப்பிக்க வேண்டும். இது நம்மவர்க்குப் பெரிதும் பயன்படும் கொள்கை. ஏனெனில், இந்து விவாகச் சட்டம் விலக்கியுள்ள உறவுகளுள் தாய்மாமன்-மருமகள் உறவும், அண்ணன் தங்கையரின் மக்கள் என்ற உறவும் அடங்கும். அதாவது, நம் நாட்டில் உரிமையோடு கேட்கப்படும் அக்காள் மகளும், மாமன் மகளும், அத்தை மகளும் அப் பட்டியலில் இருக்கின்றனர்! வடபுலத்துப் பதிவு அதிகாரி ஒருவர் இத்தகைய மணத்தைக் கண்டு திகைப்பாராயின் அதில் வியப்பில்லை. ஆனால், மணமக்கள் இருவருக்கும் உரிய வழக்காறு அத்தகைய மணத்தை அனுமதித்தால் தடையில்லை என்று அச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. வழக்காறு என்பது நெடுங்காலமாக இடையறாது பின்பற்றப்பட்டு வருவதாய் இருத்தல் வேண்டும். குடும்பத்தில் முன்பு நடந்த இத்தகைய மணங்களைப் பற்றி மூத்தோர் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க முடியுமாயின், அதை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வது அறிவுடைமை.

மாநிலச் சட்டம் எல்லையில் நின்றுவிடும் என்பதற்குச் சுயமரியாதைத் திருமணம் தக்க எடுத்துக்காட்டு. புரோகிதரும் வைதிகச் சடங்கும் இன்றி நடந்த இத் திருமணங்கள் செல்லுமா என்ற ஐயம் 1950-களில் நீதிமன்றத்தில் எழுந்தது. தீர்ப்பு அவற்றுக்குச் சாதகமாக அமையவில்லை. அந்தக் குறையை நீக்க, அண்ணாதுரை அவர்கள் முதலமைச்சராய் இருந்தபோது 1967-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது; 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்து விவாகச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு அதனால் சேர்ந்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தாம் அறிந்த மொழியில் கூறுதல், மாலை மாற்றுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகிய இவற்றுள் ஒன்று நிகழ்ந்தாலே மணம் செல்லும் என்பது அப் பிரிவின் சாரம். முன்னர் நடந்த அத்தகைய மணங்களுக்கும் அது உயிர் கொடுத்தது. உச்சநீதிமன்றமும் 2001-இலும் 2023-இலும் அப் பிரிவை ஏற்று உரைத்திருக்கிறது.

ஆனால், இந்த 7-அ பிரிவு தமிழ்நாட்டுக்கு உரிய திருத்தம். (புதுச்சேரியில் தனியாக இதுபோன்ற திருத்தம் உண்டு.) தில்லியிலோ பெங்களூரிலோ மண்டபம் பிடித்து, தலைவர் ஒருவர் வாழ்த்துரை வழங்க, மாலை மாற்றி மட்டும் மணம் புரிவோர் அப் பிரிவின் துணையை நாட இயலாது. பிற்காலத்தில் சொத்து, ஜீவனாம்சம் போன்ற வழக்கு எழுந்தால், மணம் செல்லுமா என்ற ஐயத்துக்கு அது இடம் கொடுக்கும். ஆகவே, சடங்கு வேண்டாம் என்ற கொள்கையுடையோர்க்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாட்டுக்கு வந்து மணம் புரிந்து அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். அல்லது, இருக்கும் ஊரிலேயே விசேஷ விவாகச் சட்டத்தின்கீழ் மணந்துகொள்ளலாம். கொள்கை எதுவாயினும், அதற்குரிய சட்டப் பாதுகாப்பைத் தேடிக்கொள்ளாமல் விட்டுவிடுவது பெண்ணுக்கு இழைக்கும் தீங்காகவே முடியும்.

மேலே சுட்டிய விசேஷ விவாகச் சட்டம் 1954-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1955 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னோடியாக இருந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம், மணமக்கள் தாம் குறிப்பிட்ட மதங்களைச் சார்ந்தவர் அல்லர் என்று கூற வேண்டும் என விதித்திருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. இந்துவும் முஸ்லிமும், கிறிஸ்தவரும் சீக்கியரும், ஒரே மதத்தினர் இருவரும் தத்தம் மதத்தில் இருந்தபடியே இதன்கீழ் மணக்கலாம்.

இதன் நடைமுறை ஒழுங்கானது; ஆனால் பொறுமை வேண்டுவது. மணமக்களுள் ஒருவரேனும், அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாளுக்குக் குறையாமல் ஒரு மாவட்டத்தில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அந்த மாவட்டத்தின் விவாக அதிகாரியிடம் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் அதனைத் தம் புத்தகத்தில் பதிந்து, அலுவலகத்தில் பலர் காணும் இடத்தில் ஒட்டுவார். அதன்பின் 30 நாட்கள் ஆட்சேபணைக்குரிய காலம். ஆட்சேபணை இல்லையெனில், மணமக்களும் மூன்று சாட்சிகளும் அதிகாரி முன் உறுதிமொழியில் கையெழுத்திடுவர். பின்னர், ஒருவரையொருவர் சட்டப்படி கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் மணமக்கள் கூற வேண்டும். அம் மொழி தமிழாகவும் இருக்கலாம். உடனே அதிகாரி சான்றிதழ் வழங்குவார். இச் சட்டத்தின்கீழ் நடந்த மணத்துக்கு அச் சான்றிதழே முடிவான ஆதாரம்.

நாட்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பணிமாற்றம் பெற்று ஜூன் முதல் நாள் ஓர் ஊரில் குடியேறியவர், ஜூலை 2-ஆம் நாள் அறிவிப்புக் கொடுக்கிறார்; அன்றே அது ஒட்டப்படுகிறது. ஆகஸ்டுத் தொடக்கம் வரை அவர் காத்திருக்க வேண்டும். மறுபுறம், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் நடந்தாக வேண்டும். அக்டோபர் தொடங்கியதும் அந்தக் காலம் முடிந்துவிடும். மீண்டும் புது அறிவிப்புத் தேவைப்படும். பத்து நாள் விடுப்பில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று எண்ணி ரயிலேறுவோர் இதைக் கவனிப்பார்களாக.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் தவறாமல் அறிய வேண்டிய விதி வேறொன்றும் இருக்கிறது. மணமக்களுள் ஒருவரின் நிரந்தர வாசம் வேறு மாவட்டத்தில் இருப்பின், அறிவிப்பின் பிரதி அந்த மாவட்டத்து விவாக அதிகாரிக்கும் அனுப்பப்பட்டு, அங்கும் ஒட்டப்படும். தில்லியில் கொடுத்த அறிவிப்பு திருநெல்வேலியிலும் தெரியவரும் என்பது இதன் பொருள். சாதி கடந்தோ மதம் கடந்தோ மணக்க விரும்பி, உறவினரின் சினத்துக்கு அஞ்சுவோர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆனால், எல்லா மாநிலங்களிலும் அதையே நம்பியிருத்தல் இயலாது. அதே சமயம், வீண் அச்சமும் வேண்டா. ஆட்சேபணை கூறுவோர் வயதுக் குறைவு, உயிரோடுள்ள துணைவர், விலக்கப்பட்ட உறவு போன்ற சட்ட நிபந்தனை மீறலையே காட்ட வேண்டும். சாதி வேறு, மதம் வேறு, பெற்றோர்க்கு விருப்பமில்லை என்பன ஆட்சேபணைகளே அல்ல. அதிகாரி 30 நாட்களுக்குள் விசாரித்து முடிவு கூற வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வயது வந்தோரின் மணத்துக்கு மிரட்டல் வருமாயின், காவல்துறை பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2006-இலும் 2018-இலும் வலியுறுத்தியுள்ளது.

இச் சட்டத்தில் மேலும் இரண்டு நுட்பங்கள் உண்டு. மாமன் மகளும் அத்தை மகளும் அக்காள் மகளும் இதன் விலக்குப் பட்டியலிலும் இடம்பெறுகின்றனர். இங்கே விலக்குத் தரும் வழக்காறு, மாநில அரசு தன் அரசிதழில் அறிவித்ததாக இருக்க வேண்டும். ஆகவே, முறைப்பெண்ணை மணப்போர்க்கு இந்து விவாகச் சட்டத்தின் வழியே எளிது. மற்றொன்று சொத்துரிமை பற்றியது. பதிவுமணம் செய்தால் கூட்டுக் குடும்பப் பங்கு போய்விடும் என்ற பேச்சு நம்மிடையே உலவுகிறது. மணமக்கள் இருவரும் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் என்ற வகையினராயின் அப்படி ஏதும் நேராது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மணமக்கள் வேறு மதத்தினராயின், இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

கிறிஸ்தவர் திருமணத்துக்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் உரியது. அதிகாரம் பெற்ற குருவானவர் நடத்தி வைத்து ஆலயப் பதிவேட்டில் எழுதுவார். அப் பதிவின் நகலை மணமக்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முஸ்லிம்களின் நிக்காஹ், இரு தரப்பாரின் சம்மதமும் சாட்சிகளும் மஹரும் கொண்டு நடைபெறும் ஒப்பந்தம். நிக்காஹ் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். இவ் விரண்டோடும் அந்தந்த மாநிலத்தின் பதிவு விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு எல்லாச் சமூகத்தினருக்கும் வேண்டும் என்ற நிலை 2006-ஆம் ஆண்டுக்குப் பின் வலுப்பெற்றது. அவ் வாண்டில் உச்சநீதிமன்றம், எந்த மதத்தினரின் திருமணமாயினும் அது நடந்த மாநிலத்தில் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட விதி வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கு நடக்கும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது; கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. தில்லியின் 2014-ஆம் ஆண்டு ஆணைப்படி 60 நாட்கள். மகாராஷ்டிரத்தில் 90 நாட்கள். கேரளத்தில் 45 நாட்கள். உத்தரகண்டில் 2025 சனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம் 60 நாட்களுக்குள் பதியுமாறு கூறுகிறது. வேலை தில்லியில், திருமணம் தமிழ்நாட்டில் என்றால், மணம் நடந்த இடத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் புறப்படுவதே சுருக்கமான வழி. மறுவீட்டு விருந்துக்கு ஒரு நாள் ஒதுக்குவோர் இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

பதிவைப் பற்றி இரண்டு எதிரெதிரான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. பதியாவிட்டால் மணமே செல்லாது என்பது ஒன்று. இந்து விவாகச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதியாமை மணத்தின் செல்லுந்தன்மையைப் பாதிக்காது என்றே கூறுகிறது. சான்றிதழ் கையில் இருந்தால் சடங்கே வேண்டாம் என்பது மற்றொன்று. வெளிநாட்டு விசாவுக்காகவோ வேறு வசதிக்காகவோ, திருமணம் நடப்பதற்கு முன்பே இந்துத் திருமணம் நடந்ததாகச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. உரிய சடங்கு நடவாத இடத்தில் அத்தகைய சான்றிதழ் இந்துத் திருமணத்தை உண்டாக்காது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக உரைத்தது. சடங்கு மணத்தை ஆக்குகிறது. பதிவு அதனைக் காட்டுகிறது. விசேஷ விவாகச் சட்டத்தில் மட்டுமே அதிகாரியின் முன் கூறும் உறுதிமொழியே மணமாகிறது.

நெடுங்காலத்துக்கு முன் மணந்து, பதியாமல் இருந்துவிட்ட தம்பதியர் மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் தாமதப் பதிவுக்கு இடமளிக்கின்றன. விசேஷ விவாகச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படியும், முன்பே சடங்கு முறையில் மணந்து சேர்ந்து வாழ்ந்துவரும் தம்பதியர், 21 வயது நிறைந்து, 30 நாள் வசிப்பும் கொண்டிருந்தால், தம் மணத்தைப் பதியலாம். இருவரும் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஒருவர் மறைந்தபின் மற்றவருக்கு இது அரிதாகிவிடும்.

கடைசியாக, ஆவணங்களைப் பற்றிச் சில சொற்கள். வயதுக்கும் வசிப்பிடத்துக்கும் சான்று, புகைப்படங்கள், அழைப்பிதழ், முன் மணம் இருந்திருப்பின் விவாகரத்துத் தீர்ப்பாணை அல்லது இறப்புச் சான்றிதழ் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். தமிழில் அச்சிட்ட அழைப்பிதழை வடநாட்டு அலுவலர் படிக்க மாட்டார். ஆங்கிலத்திலோ அந்த ஊர் மொழியிலோ மொழிபெயர்ப்பு ஒன்றை உடன் வைத்தல் நன்று. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போன் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் இடர் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. மு. கண்ணன் என்பவர் பள்ளிச் சான்றிதழில் மு. கண்ணனாகவும், ஆதார் அட்டையில் கண்ணன் முத்துசாமியாகவும், கடவுச்சீட்டில் முத்துசாமி கண்ணனாகவும் தோன்றுகிறார். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பாடு பிறகு அவர் மனைவியைச் சேர்கிறது. பதிவுக்குச் செல்லுமுன் எல்லாத் தாள்களிலும் பெயரை ஒரே வடிவில் அமைத்துக்கொள்ள வேண்டும். மணமான பெண் கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பெயரை மாற்றாமல் இருப்பதே பலருக்கு எளிது.

வரிசையாகச் சொன்னால் இவ்வளவே: மணநாள் குறிக்குமுன் எந்தச் சட்டத்தின்கீழ் மணப்பது என்று தீர்மானியுங்கள், உறவு முறையையும் வயதையும் முன் மணம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள், விசேஷ விவாகமாயின் இரண்டு மாத காலத்தை ஒதுக்குங்கள், சடங்காயின் அதற்குரிய முறையில் முழுமையாக நடத்துங்கள், குறித்த நாட்களுக்குள் பதிந்து, சான்றிதழின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றைப் பெற்று, ஒன்றை ஊரிலுள்ள பெற்றோரிடமும் கொடுத்து வையுங்கள். நம் வழக்கத்தை அறிந்த அண்டை அயலார் இல்லாத ஊரில், நம் பொருட்டுச் சாட்சி சொல்ல அத் தாள் ஒன்றே முன்வரும்.